நாற்பதுக்கு மேல் ஸ்பானிஷ்: மாலை வகுப்பில் சேர நினைக்கும் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் ஒரு சமுதாயக் கல்லூரி நடத்தும் மாலை நேர ஸ்பானிஷ் வகுப்பில் 46ஆவது வயதில் சேர்ந்தேன். எங்கள் ஆசிரியை மெக்சிகோவின் புவெப்லா நகரத்தவர். அன்றிலிருந்து கோயிலிலும் பொங்கல் விழாவிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் நண்பர்கள் என்னிடம் கேட்ட ஐயங்கள் ஒன்றையொன்று ஒத்தே இருந்ததால், அவற்றைத் தொகுத்து எழுதிவைத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. சிக்கலானவை பின்னால் வருகின்றன.

எனக்கு வயது நாற்பத்தைந்து. இனிமேல் புதிய மொழி மண்டையில் ஏறுமா?

ஏறும், ஆனால் குழந்தைக்கு ஏறுவதுபோல் தானாக ஏறாது. பிள்ளைகளுக்கு ஒலியைப் பிடிக்கும் திறன் கூடுதல். பெரியவர்களுக்கு இலக்கண அமைப்பைப் புரிந்துகொண்டு பயன்படுத்தும் திறன் கூடுதல். எங்கள் வகுப்பில் 70 வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருந்தார். உச்சரிப்பு அவருக்குக் கடைசிவரை கைகூடவில்லை என்றாலும், வினைத்திரிபுகளில் எங்களில் எவரும் அவரை முந்த முடியவில்லை.

வயதைவிடப் பெரிய தடை வெட்கம். அலுவலகத்தில் 20 பேரை மேய்ப்பவருக்கு, வகுப்பில் எழுந்து நின்று "என் பெயர் இது, என் சட்டை நீலம்" என்று தட்டுத்தடுமாறிச் சொல்லக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் நான்காவது வாரத்தில் போய்விடுகிறது. அதற்குள் வகுப்பையே விட்டுவிடுபவர்கள்தாம் பலர்.

எத்தனை மாதத்தில் சரளமாகப் பேச வரும்?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் பயிற்சி நிறுவனம் ஒன்றை வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் பணிக்குப் போதுமான ஸ்பானிஷ் கற்க 24 முதல் 30 வாரம், அதாவது 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அவர்களுடைய கணக்கு. அங்கே பயில்பவர்களுக்கு மொழி கற்பதே முழுநேர வேலை என்பதை மறந்துவிடக் கூடாது.

நம் மாலை வகுப்பு வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 40 வாரத்தில் 120 மணி நேரம்தான் சேரும். வகுப்பை மட்டும் நம்பினால் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். நாள்தோறும் வீட்டில் அரை மணி நேரம் ஒதுக்கினால் அந்தக் காலம் பாதிக்கும் கீழே குறையும். கடையில் பொருள் வாங்கவும், வழி கேட்கவும், நலம் விசாரிக்கவும் அவ்வளவு தேவையில்லை, ஓராண்டு போதும்.

கல்லூரியில் இரண்டு விதமான வகுப்பு இருக்கிறதாமே, எதில் சேர்வது?

ஒன்று மதிப்பெண்ணும் தேர்வும் உள்ள பட்ட வகுப்பு. மற்றொன்று தேர்வில்லாத தொடர்கல்வி வகுப்பு. முன்னதில் பாடம் வேகமாக நகரும், எழுத்து வேலை மிகுதி, கட்டணமும் கூடுதல். பின்னதில் பேச்சுக்கு முதலிடம் தருவார்கள், கட்டணம் குறைவு. ஆனால் பாதிப்பேர் இடையிலேயே நின்றுவிடுவதால் பாடம் அடிக்கடி பின்னோக்கிப் போகும். பட்டம் தேவைப்படாதவர்கள் தொடர்கல்வியில் தொடங்கி, இலக்கணத்தில் ஆர்வம் வந்தால் மாறிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பேசிப் பழகுவதற்கு, பல பொது நூலகங்களில் கட்டணமில்லாத உரையாடல் வட்டங்கள் நடக்கின்றன.

கைப்பேசியில் செயலி இருக்கும்போது வகுப்புக்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

செயலி சொல் கற்றுத்தரும், பழக்கத்தைக் கெடாமல் காக்கும். நீங்கள் தவறாகச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவதை அது காட்டாது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் தெரிந்திருப்பதால் ஏதேனும் பயன் உண்டா, அல்லது ஆங்கிலம்தான் உதவுமா?

இந்தப் பக்கத்தை நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். முதல் நாள் ஆசிரியை தம் முன்னே இருந்த மேசையைத் தட்டி 'லா மெஸா' என்றார். சுற்றியிருந்த அமெரிக்கர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்க, நான் சிரித்துவிட்டேன். மேசை என்ற நம் சொல் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. போர்ச்சுகீசியமும் ஸ்பானிஷும் இலத்தீன் பெற்ற உடன்பிறப்புகள். அப்படியே, நம் சாவிக்கு உறவு அவர்களுடைய 'யாவே', துவாலைக்கு 'தோவாயா', கோப்பைக்கு 'கோப்பா', பாதிரிக்கு 'பாத்ரே'. ஐந்து சொற்களை நூறு ஆண்டுகளுக்கு மேலாக வீட்டில் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறோம்.

சொற்களைவிட வாக்கிய அமைப்பில்தான் பெரும் ஆதாயம் இருக்கிறது. "மாம்பழம் பிடிக்கும்" என்பதை ஆங்கிலத்தில் "நான்" என்று தொடங்கியாக வேண்டும். ஸ்பானிஷில் 'மெ குஸ்தா எல் மங்கோ', அதாவது "எனக்கு மாம்பழம் பிடிக்கும்". பிடித்துப்போனவர் 'எனக்கு' என்ற வேற்றுமையில் நிற்கிறார். "எனக்குத் தலை வலிக்கிறது" என்பதும் 'மெ துவேலே லா கபேஸா' என்று சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஆங்கிலம் பேசுபவர்கள் மூன்று வாரம் மல்லுக்கட்டும் பாடம் இது. அதேபோல் "வந்தேன்" என்றால் வந்தவர் யார் என்பது விகுதியிலேயே தெரிவதால் நாம் "நான்" என்று சொல்வதில்லை, அவர்களும் சொல்வதில்லை. நான் கண்ட தமிழ் மாணவர்களில் பலரும் ஸ்பானிஷ் வாக்கியத்தை முதலில் ஆங்கிலத்தில் பெயர்த்து, பிறகு புரிந்துகொள்ள முயன்று, இந்த வசதியைத் தாமே இழந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் தமிழ் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். வினை நமக்கு வாக்கியத்தின் கடைசியில் வரும், அவர்களுக்கு நடுவில் வரும். "நேற்று வாங்கிய புத்தகம்" என்று அடையை முன்னால் வைப்பது நம் வழக்கம். "புத்தகம்" என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு எது என்று விளக்குவது அவர்கள் வழக்கம். பசியையும் அவர்கள் "எனக்குப் பசிக்கிறது" என்று சொல்லாமல் 'தெங்கோ அம்ப்ரே', "பசியை வைத்திருக்கிறேன்" என்றுதான் சொல்கிறார்கள்.

உச்சரிப்பில் தமிழர்கள் எங்கே தடுக்கி விழுகிறோம்?

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் வல்லெழுத்துகளோடு மூச்சுக்காற்று வெடித்துவரும். ஸ்பானிஷில் வராது, தமிழிலும் வராது. 'தேதோ' என்றால் விரல். அதன் நடுவில் வரும் தகரம், நாம் "அது" என்னும்போது வருவதுபோல் மெலிந்தே ஒலிக்கும். 'அமீகோ' என்பதில் வரும் ககரம் நம் "பகல்" என்பதிலுள்ள ககரம்தான். ஆங்கிலம் வழியாகப் போகாதவர்களுக்கு இவை பிறவிச் சொத்து.

தடுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, ரகர றகர வேறுபாடு. 'பெரோ' என்று நாக்கு ஒருமுறை தட்டினால் "ஆனால்". 'பெர்ரோ' என்று உருட்டினால் "நாய்". கரி, கறி ஆகிய இரண்டையும் இன்றும் வேறுபடுத்திச் சொல்லும் குமரி மாவட்டத்தவருக்கு இது எளிது. சென்னைக்காரர்கள் பயிற்சி செய்தாக வேண்டும். இரண்டாவது, அழுத்தம். தமிழில் அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை. 'ஆப்லோ' என்பதில் முதல் அசையை அழுத்தினால் "பேசுகிறேன்", கடைசி அசையை அழுத்தினால் "பேசினார்". 'பாப்பா' முதலில் அழுந்தினால் உருளைக்கிழங்கு, கடைசியில் அழுந்தினால் அப்பா. எங்கே அழுத்துவது என்பதற்குத் தெளிவான விதி உண்டு, விதியை மீறும் சொற்களின் தலையில் எழுத்திலேயே குறி போட்டிருப்பார்கள். ஆகவே அந்தக் குறியை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, ஞகரம். தலையில் நெளிகோடு போட்ட அந்த எழுத்துக்கு நம்மிடம் அச்சு அசலாக ஞ இருக்கிறது. அதை நான் சோம்பலாக னகரம் ஆக்கி, "எனக்கு 46 வயது" என்று சொல்ல நினைத்து வகுப்பின் நடுவே நின்று "என்னிடம் 46 ஆசனவாய்கள் உள்ளன" என்று அறிவித்தேன். ஆசிரியை நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எந்த நாட்டு ஸ்பானிஷைக் கற்பது? எல்லாம் மெக்சிகோ மொழிதானே?

ஸ்பெயின், மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டீனா, பெரு என்று தொடங்கி ஆப்பிரிக்காவின் எக்குவட்டோரியல் கினி வரை 20 நாடுகளில் அது ஆட்சிமொழி. அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட போர்ட்டோ ரிக்கோவிலும் அப்படியே. ஏறத்தாழ 50 கோடிப் பேருக்கு அது தாய்மொழி. பிரேசில் இந்தப் பட்டியலில் இல்லை, அங்கே போர்ச்சுகீசியம். ஒரு கொலம்பியரிடம் "நீங்கள் மெக்சிகோதானே" என்று கேட்பது, யாழ்ப்பாணத்துக்காரரிடம் "சென்னையில் எந்தத் தெரு" என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

இலக்கணமும் எழுத்துமுறையும் பெரும்பாலும் எங்கும் ஒன்றே. 1713இல் மத்ரித் நகரில் நிறுவப்பட்ட அரச மொழிக்கழகம், பிற நாடுகளின் கழகங்களோடு சேர்ந்து பொது எழுத்துமுறையைப் பேணுகிறது. வேறுபடுவது ஒலியும் அன்றாடச் சொற்களும். பேருந்து மெக்சிகோவில் 'கமியோன்', அர்ஜென்டீனாவில் 'கொலெக்தீவோ', கியூபாவில் 'குவாகுவா'. அதே 'குவாகுவா' சிலேயில் கைக்குழந்தை. ஸ்பெயினில் 'கொஹேர்' என்றால் எடுப்பது, பிடிப்பது என்ற சாதாரண வினை. மெக்சிகோவிலும் அர்ஜென்டீனாவிலும் அது கெட்ட வார்த்தை. உங்கள் அண்டை வீட்டார் யாரோ, அவர்கள் பேசுவதைக் கற்றுக்கொள்ளுங்கள். டெக்சஸில் அது மெக்சிகோ வழக்கு. 1836 வரை இந்த நிலமே மெக்சிகோவைச் சேர்ந்ததாக இருந்தது.

நம்மைப் போல நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடு உண்டா?

உண்டு, அதனால்தான் இந்தப் பாடத்தில் தமிழர் முகம் மலர்கிறது. 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். 'உஸ்தெத்' என்பது "தங்கள் கருணை" என்ற பொருளுடைய பழைய தொடர் தேய்ந்து பிறந்தது; ஆகவே அதற்குரிய வினை முன்னிலையில் வராமல் படர்க்கையில் வரும். "ஐயா சொன்னால் சரி" என்று எதிரில் நிற்பவரையே படர்க்கையில் வைத்துப் பேசும் நம் பழக்கத்தை நினைத்துக்கொண்டால் இது குழப்பாது.

எந்த இடத்தில் எதைப் பயன்படுத்துவது என்பதுதான் ஊருக்கு ஊர் மாறும். ஸ்பெயினில் கடைக்காரரையும் 'தூ' என்பார்கள், அதில் அவமதிப்பு இல்லை. கொலம்பியாவின் பொகோத்தாவில் கணவனும் மனைவியும்கூட 'உஸ்தெத்' என்று பேசிக்கொள்வதைக் கேட்கலாம். அர்ஜென்டீனாவிலும் உருகுவேயிலும் 'தூ'வுக்குப் பதிலாக 'வோஸ்' ஆட்சி செய்கிறது. பலரை நோக்கிப் பேசுகையில் ஸ்பெயினில் 'வொஸோத்ரோஸ்', அமெரிக்கக் கண்டம் முழுவதும் 'உஸ்தெதெஸ்'. தெரியாத பெரியவரிடம் 'உஸ்தெத்' என்று தொடங்குங்கள். வேண்டாம் என்றால் அவரே சொல்வார். நாம், நாங்கள் என்ற நம் வேறுபாடு அவர்களிடம் இல்லை; எங்கள் ஆசிரியைக்கு அதை விளக்க எனக்கு ஒரு முழு இடைவேளை தேவைப்பட்டது.

மேசை எப்படிப் பெண் ஆகும்? இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா?

நமக்குப் பால் என்பது பொருளைப் பற்றியது. உயர்திணை அல்லாதவை எல்லாம் அஃறிணையில் அடங்கிவிடும். அவர்களுக்கு அது சொல்லைப் பற்றியது. ஆகாரத்தில் முடிந்தால் பெரும்பாலும் பெண்பால், ஓகாரத்தில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால். ஆனால் நாளைக் குறிக்கும் 'தியா' ஆண்பால், கையைக் குறிக்கும் 'மானோ' பெண்பால். கிரேக்கத்திலிருந்து வந்த 'ப்ரொப்லேமா', 'சிஸ்தேமா', மொழியைக் குறிக்கும் 'இதியோமா' ஆகியவையும் ஆண்பால். காரணம் தேடாமல், சொல்லையும் அதன் முன்னால் வரும் 'எல்' அல்லது 'லா' என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். இதில் தமிழ் நமக்கு உதவுவதில்லை.

'செர்', 'எஸ்தார்' என்ற இரண்டு வினைகளுக்கும் "இருப்பது" என்ற ஒரே பொருள் என்கிறார்கள். எதை எங்கே போடுவது?

பாடநூல்கள் "நிலையானதற்கு 'செர்', தற்காலிகமானதற்கு 'எஸ்தார்'" என்று சொல்லித்தரும். அது பாதி உண்மை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைதான் இருப்பதால் அந்த விளக்கம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. தமிழில் "அவர் ஆசிரியர்" என்னும்போது வினையே இல்லை. "அவர் வீட்டில் இருக்கிறார்" என்னும்போது "இரு" என்ற வினை வருகிறது. வினையில்லாத இடத்தில் 'செர்', "இரு" வரும் இடத்தில் 'எஸ்தார்' என்று தொடங்கினால் முதல் மாதப் பாடத்தில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

பண்புச்சொற்களில் மட்டும் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். "அமைதியானவர்" என்று சொல்ல நினைத்தால் 'எஸ் த்ராங்கீலோ'. "அமைதியாக இருக்கிறார்" என்று சொல்ல நினைத்தால் 'எஸ்தா த்ராங்கீலோ'. "-ஆனவர்" என்றால் 'செர்', "-ஆக இருக்கிறார்" என்றால் 'எஸ்தார்'. 'அபுர்ரீதோ' என்ற சொல்லில் இதன் அருமை விளங்கும்: 'செர்' போட்டால் அவர் அறுவையானவர், 'எஸ்தார்' போட்டால் அவருக்குச் சலிப்பாக இருக்கிறது. இந்தச் சோதனை சறுக்கும் இடங்களும் உண்டு. இறந்தவர் மீண்டு வரப்போவதில்லை, ஆயினும் அவருக்கு 'எஸ்தார்'தான். விருந்து எங்கே நடக்கிறது என்பதற்கு, இடமாக இருந்தும், 'செர்'தான்.

இறந்தகாலம் எதற்கு இரண்டு?

தாத்தா நேற்று சந்தைக்குப் "போனார்". அந்தக் காலத்தில் தாத்தா தினமும் சந்தைக்குப் "போவார்". இரண்டாவது வாக்கியத்தில் நடந்து முடிந்ததைத்தான் சொல்கிறோம், ஆனால் எதிர்கால வடிவில் சொல்கிறோம், கேட்பவரும் குழம்புவதில்லை. "போனார்" என்பதற்கு 'ஃபுவே', அந்தக் காலத்துப் "போவார்" என்பதற்கு 'இபா'. "மழை பெய்துகொண்டிருந்தது" போன்ற பின்னணிச் செய்திகளும் இந்த இரண்டாம் வகையையே சேரும். இதை ஆசிரியை ஆங்கிலத்தில் விளக்கி முடிப்பதற்குள், என் பக்கத்தில் இருந்த திருச்சிக்காரர் குறிப்பேட்டின் ஓரத்தில் "போனார், போவார்" என்று எழுதிப் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

இலக்கணம் நடத்தச் சொன்னால் பண்பாடு என்று நேரத்தை வீணாக்குகிறார்களே?

முன்பு சொன்ன 'தூ', 'உஸ்தெத்' தேர்வு இலக்கணமா பண்பாடா? பிரித்துவிட முடிந்தால் எனக்குச் சொல்லுங்கள். மேசையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதிலிருந்து பிறந்த 'சொப்ரேமெஸா' என்று ஒரு சொல் இருக்கிறது. சாப்பிட்டு முடித்தபின் தட்டை எடுக்காமல், எழுந்திருக்காமல், அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் நேரத்துக்குப் பெயர் அது. ஆண்டிறுதியில் ஆசிரியை எங்களை வீட்டுக்கு அழைத்திருந்தார். சாப்பிட்டதும் கை கழுவி, நம் வழக்கப்படி "அப்போ கிளம்பறோம்" என்று நானும் என் மனைவியும் எழுந்தபோது, அவருடைய தாயார் முகம் வாடிவிட்டது. சாப்பாடு பிடிக்கவில்லை என்று அவர் எண்ணியிருக்கிறார். பிறகு உட்கார்ந்தவர்கள் இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்தோம். அன்று நான் பேசிய ஸ்பானிஷ் அந்தப் பருவம் முழுதும் வகுப்பில் பேசியதைவிட அதிகம்.

இறந்தோர் நாள் என்று வகுப்பில் கொண்டாடுகிறார்கள். அது ஹாலோவீன்தானே?

இல்லை. நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் மெக்சிகோவில் இறந்துபோன உறவினர்கள் வீட்டுக்கு வந்து போவதாக நம்பி, அவர்களுக்காக 'ஒஃப்ரெந்தா' என்ற படையல் வைக்கிறார்கள். கொலம்பசுக்கு முந்தைய பழங்குடி வழிபாடும் கத்தோலிக்கத் திருநாளும் கலந்து உருவான மரபு இது. 2008இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இறந்தவருக்குப் பிடித்த உணவு, குடித்த பானம், புகைப்படம், மெழுகுவத்தி, வழி காட்ட ஆரஞ்சு நிறப் பூக்கள். படத்தின் முன்னே இலை போட்டு, தாத்தாவுக்குப் பிடித்த சுருட்டையும் முறுக்கையும் வைத்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கவுரை வேண்டியதில்லை.

அந்தப் பூவை வகுப்பில் கையில் கொடுத்தபோதுதான் நான் வியந்தேன். 'செம்பாசூச்சில்' என்றார்கள், மெக்சிகோப் பழங்குடியினரின் நவாட்டில் மொழியில் "இருபது பூ" என்று பொருளாம். கசக்கி முகர்ந்தால் ஆயுத பூசை வாசனை. நம் செண்டுமல்லியேதான்! துலுக்கச் சாமந்தி என்று அதை அழைத்ததிலேயே வெளியூர்ச் சரக்கு என்பதை நம் முன்னோர் குறித்துவைத்திருக்கிறார்கள். அதன் பிறப்பிடம் மெக்சிகோவும் அதை ஒட்டிய நிலப்பகுதியும். மிளகாயும் தக்காளியும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: இந்த விழாவை எல்லா ஸ்பானிஷ் நாடுகளுக்கும் பொதுவாக்கிவிடாதீர்கள். ஒரு அர்ஜென்டீனரை இதற்காக வாழ்த்தினால் விழிப்பார்.

அவர்களுக்கு ஏன் இரண்டு குடும்பப்பெயர்? எதைச் சொல்லி அழைப்பது?

முதலாவது தந்தையிடமிருந்தும் இரண்டாவது தாயிடமிருந்தும் வரும். டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் பரேராவில் நடால் தந்தை வழி, பரேரா தாய் வழி. ஒன்றைச் சொல்லி அழைப்பதானால் முதலாவதைச் சொல்ல வேண்டும்; கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர் என்ற ஆங்கிலப் பழக்கத்தில் "பரேரா" என்றால் தவறு. ஓவியர் பாப்லோ ரூயிஸ் பிகாசோ தாய் வழிப் பெயரால் கையொப்பமிட்டுப் புகழ்பெற்றது விதிவிலக்கு. ஸ்பெயினில் திருமணமானாலும் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. முன்னெழுத்தை விரித்தெழுதச் சொல்லும் படிவங்களோடு போராடும் நம்மவர்களுக்கு, படிவங்களில் இரண்டாவது பெயரை இழக்கும் அவர்களுடைய எரிச்சல் புரியும்.

நான் சைவம். "சைவம்" என்று சொல்லத் தெரிந்தால் போதாதா?

போதாது. 'ஸோய் வெஹெதாரியானோ' என்று சொன்ன பிறகும் சூரைமீன் போட்ட காய்கறிக் கலவை வரும். 'கார்னே' வேண்டாம் என்றால், பன்றித்தொடையில் செய்யும் 'ஹமோன்' அதில் அடங்காது என்று எண்ணுபவர்கள் ஸ்பெயினில் உண்டு. பெயர் சொல்லிச் சொல்லி மறுக்க வேண்டும்: 'நோ கோமோ நி கார்னே, நி பொல்யோ, நி பெஸ்காதோ, நி ஹமோன்', அதாவது இறைச்சி, கோழி, மீன், ஹமோன் எதையும் உண்பதில்லை.

மெக்சிகோ உணவகங்களில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பீன்ஸை 'மந்தேகா'வில், அதாவது பன்றிக்கொழுப்பில் வதக்குவதும், சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பதும் பரவலான பழக்கம். ஆகவே 'யேவா மந்தேகா?' என்று கேளுங்கள். ஆனால் அர்ஜென்டீனாவில் அதே 'மந்தேகா' வெண்ணெய். கொஹேருக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

காளைச் சண்டை நம் ஜல்லிக்கட்டு மாதிரிதானே?

வகுப்பில் இந்த ஒப்பீட்டைச் சொல்லிப் பெருமைப்பட நினைப்பவர்கள் சற்றுப் பொறுங்கள். ஜல்லிக்கட்டில் திமிலைத் தழுவுகிறோம், காளை வீட்டுக்குத் திரும்புகிறது. 'கொர்ரிதா'வின் இறுதியில் காளை வாளால் கொல்லப்படுகிறது. ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில் ஜூலையில் காலையில் தெருவில் ஓடவிடப்படும் காளைகளும் அன்று மாலை களத்தில் மடிபவையே. அவர்களிடையேயும் இதில் கடும் பிளவு உண்டு: ஸ்பெயினின் கனேரித் தீவுகள் 1991இலேயே விலக்கின, கொலம்பியா 2027 முதல் தடை என்று 2024இல் சட்டம் இயற்றியது. அர்ஜென்டீனாவிலும் சிலேயிலும் இவ்வழக்கமே கிடையாது.

நான் கிறித்தவன். ஆனால் என்னை 'இந்து' என்று அறிமுகப்படுத்துகிறார்களே, திருத்தலாமா?

அவர்கள் உங்கள் மதத்தைச் சொல்லவில்லை. 1492இல் கொலம்பஸ் கரையிறங்கிய நிலத்தை இந்தியா என்று கருதி, அங்கிருந்த மக்களை 'இந்தியோ' என்று அழைத்தார். அந்தப் பெயர் பழங்குடியினருக்கு ஒட்டிக்கொண்டது. இன்று பல நாடுகளில் அது வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. ஆகவே உண்மையான இந்தியர்களைக் குறிக்க வேறு சொல் தேவைப்பட்டு, 'இந்து' என்பதைக் கையாண்டார்கள். அகராதியும் அதை ஏற்கிறது. உங்களுக்கு உறுத்தினால் 'ஸோய் தெ லா இந்தியா', "இந்தியாவிலிருந்து வருகிறேன்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். யாரும் புண்பட மாட்டார்கள்.

'அர்ரோஸ்' என்பது நம் அரிசியிலிருந்து போன சொல்தானே?

'அர்ரோஸ்' அரபு மொழி வழியாக ஸ்பானிஷுக்கு வந்தது என்பது வரை ஐயமில்லை. அரபுக்கும் கிரேக்கத்துக்கும் முந்தைய மூலம் அரிசிதானா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. ஆகவே வகுப்பில் மேசையைத் தட்டி வாதாட வேண்டாம். வாதாட விரும்பினால் மாங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். 'மங்கோ' என்ற சொல் தென்னிந்தியாவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் போனது உறுதி.

உணவக ஊழியரிடமோ தோட்ட வேலை செய்பவரிடமோ ஸ்பானிஷில் பேசினால் தவறாக எடுத்துக்கொள்வார்களா?

முகத்தைப் பார்த்து மொழியை முடிவு செய்வதுதான் தவறு. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல டெக்சஸ் பள்ளிகளில் ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகளைத் தண்டித்தார்கள். தமிழ் பேசியதற்கு அபராதம் கட்டிய ஆங்கிலப் பள்ளி மாணவர்களுக்கு அதன் வலி தெரியும். அந்தத் தலைமுறையினர் பலர் தம் பிள்ளைகளுக்கு மொழியைக் கற்றுத்தராமலே விட்டார்கள். எனவே பெயர் கார்சியா என்றிருப்பவருக்கு உங்களைவிடக் குறைவாக ஸ்பானிஷ் தெரிந்திருக்கலாம். அவரிடம் அதை எடுத்துக்காட்டி வியக்காதீர்கள்.

ஆங்கிலத்தில் தொடங்கி, அவர் தடுமாறினாலோ அவராகவே ஸ்பானிஷில் பேசினாலோ, 'உஸ்தெத்' போட்டு மாறிக்கொள்ளுங்கள். வேலையின் நடுவே அவரை இலவச ஆசிரியர் ஆக்கிவிடவும் வேண்டாம்.

தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டுமா?

தேவை இருந்தால் மட்டும். ஸ்பெயின் அரசின் பெயரில் செர்வாந்தஸ் நிறுவனம் நடத்தும் 'தேலே' தேர்வு, தொடக்க நிலையான ஏ1 முதல் உச்ச நிலையான சி2 வரை ஆறு படிநிலைகளில் உண்டு. சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும். கணினி வழி நடக்கும் 'சியேலே' தேர்வின் சான்று ஐந்து ஆண்டுகள் செல்லும். ஸ்பெயின் குடியுரிமை கோரும் நம்மவர்கள் ஏ2 நிலையில் தேற வேண்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு அந்நிறுவனத்தின் மையம் புதுதில்லியில் இருக்கிறது. மருத்துவமனையில் உரைபெயர்ப்பாளராகப் பணியாற்ற எண்ணினால் இவை போதா. அதற்கென்று தனிச் சான்று வேண்டும்.

ஓராண்டு படித்தும் அவர்கள் பேசுவது ஒன்றும் புரியவில்லை. என்னிடம்தான் குறையா?

கியூபா, போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு ஆகிய கரீபியப் பகுதிகளில் அசை இறுதி ஸகரத்தை விழுங்கிவிடுவார்கள். 'எஸ்தாஸ்' என்பது 'எத்தா' என்று கேட்கும். சிலேயிலும் ஏறத்தாழ அப்படியே. நீங்கள் அவர்களுடைய வானொலியிலிருந்து தொடங்கியிருந்தால் புரியாததில் வியப்பில்லை. மெக்சிகோ நகரத்தவரோ பொகோத்தாக்காரரோ பேசுவதை முதல் ஓராண்டு கேளுங்கள். மெய்யெழுத்துகளை முழுதாகச் சொல்வார்கள். ஒரே ஐந்து நிமிட ஒலிப்பதிவை ஒரு வாரம் கேட்பது, ஏழு ஒலிப்பதிவுகளை ஒவ்வொரு முறை கேட்பதைவிட மேல்.

எனக்குக் காது திறந்தது பதினான்காவது மாதத்தில். சோள ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றார். பசி பொறுக்காத பேரன் அவருடைய பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். 'அஓரித்தா, மி அமோர், அஓரித்தா' என்றார் பாட்டி. அகராதியில் அந்தச் சொல்லுக்கு "இப்போதே" என்று இருக்கும். மெக்சிகோவில் அது ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். என் மனத்தில் ஆங்கிலம் எட்டிப்பார்க்கவில்லை. "இதோ கண்ணு, இதோ" என்றே கேட்டது; வரிசையில் இன்னும் 11 பேர் இருந்தார்கள்.